வைத்தியர்களின் உபயோகத்துக்கு மட்டும்

அந்த மருந்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். வெல்லப்பாகு, கொதிக்கவைத்த தண்ணீர், கொஞ்சம் கடுக்காய்க் கஷாயம், ஸ்பிரிட், கடைசியாக ஒரு கரண்டி சிவப்புப் பொடி. அந்தப் பொடி மெட்ராசில் சாயப் பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையிலிருந்து தகர டப்பாவில் வரும். டப்பாவின் மேல் ஒரு சேலையின் படம் இருக்கும். வாயில் போடும் பண்டத்தில் எந்தெந்த நிறத்தைக் கலக்கலாம் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, இந்தப் பொடி அதில் இல்லை என்பது முதலாளிக்குத் தெரியும். "கலர் இல்லாத மருந்த எவன் மருந்துன்னு நம்புவான்?" என்பார். பாட்டில் கழுவி நிரப்பும் ஆறு பெண்களின் விரல்களும் எந்நேரமும் சிவந்தே இருக்கும். புதிதாகப் பார்ப்பவர்கள் ஆறு பேரும் ஒரே கல்யாணத்துக்குப் போய் வந்தவர்கள் என்று நினைப்பார்கள்.

அறுபதுகளின் கடைசி. மதுவிலக்கு இருந்த காலம். ஸ்பிரிட் வாசனைக்காகவே நோயில்லாத ஆண்கள் பலர் அந்த மருந்தை வாங்கிக் குடித்து ஆரோக்கியமாக இருந்தார்கள். லேபிளில் சிங்கப் படம் இருந்ததால் ஜனங்கள் அதைச் சிங்க மருந்து என்றார்கள்.

கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால், ரயில்வே லைனை ஒட்டி, ஓடு போட்ட ஒரு நீளக் கொட்டகைதான் கம்பெனி. அங்கே நான் கணக்குப்பிள்ளைக்கு எதிரே ஒரு மேஜையில் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர்கள் கிடையாது. அப்பா அடுத்தவன் நிலத்தில் கூலி வேலை செய்து, நான் எட்டாவது படிக்கும்போது செத்துப்போனார். அம்மா நாற்று நட்டாள், பிறகு செங்கல் சூளைக்குப் போனாள். டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைக்காமல் நான் வீட்டில் இருந்தபோது, தமிழில் நல்ல கையெழுத்தும் சர்க்கார் இங்கிலீஷ் படிக்கும் அளவுக்கு அறிவும் உள்ள ஆள் வேண்டும் என்று முதலாளி எங்கள் ஹெட்மிஸ்ட்ரசைக் கேட்டிருக்கிறார். நான் எழுதிய தாளை அவர் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்து மெச்சுவார். நான் தண்ணீர் குடிக்கும் டம்ளர் மட்டும் வெளியே ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். எழுத்துக்குத் தீட்டு இல்லை போலிருக்கிறது.

என் வேலை கார்டுகளுக்குப் பதில் எழுதுவது. ஆர்.கே.பேட்டையிலிருந்து, பழவேற்காட்டிலிருந்து, நெல்லூர்ப் பக்கமிருந்து எல்லாம் கார்டுகள் வரும். பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி, மகளுக்கு வெண்குஷ்டம், மாமனாருக்குக் கை விழுந்துவிட்டது. எல்லாருக்கும் ஒரே பதில்: மூன்று பாட்டில் சாப்பிடவும், வேறு மருந்துகளை நிறுத்திவிடவும், பத்தியம் இருக்கவும், புளியும் கத்தரிக்காயும் அறவே நீக்கவும். குணமாகவில்லை என்று மறுபடி எழுதினால் அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது: பத்தியம் தவறியிருப்பீர்கள், இன்னும் மூன்று பாட்டில் வாங்கவும். புளி இல்லாமல் எங்கள் ஜில்லாவில் எந்த வீட்டிலும் குழம்பு கொதித்ததில்லை. ஆகவே சிங்க மருந்து ஒருநாளும் தோற்கவில்லை. தோற்றவர்கள் எல்லாம் புளி தின்றவர்கள்.

இதையெல்லாம் நான் கூசாமல் எழுதினேன். கார்டு போடும் ஜனங்கள் மேல் எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை. இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவர்கள் ஏமாறட்டும் என்றுதான் நினைத்தேன். நான் படித்தவள், நான் மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவள்.

என் அண்ணனுக்கு வலிப்பு உண்டு. பத்து வயதில் வந்தது. அம்மா எத்தனையோ கோயில்களுக்கும் ஒரு தர்காவுக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். நான் ஒன்பதாவது படிக்கும்போது, எங்கள் சயின்ஸ் டீச்சர் சொன்னதைக் கேட்டு, அவனை மெட்ராஸ் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தினமும் இரண்டு வேளை சின்ன வெள்ளை மாத்திரை. மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய் வாங்கி வரவேண்டும். அதைச் சாப்பிட ஆரம்பித்த பிறகு வலிப்பு நின்றது. ஐந்து வருஷம் ஒருதடவைகூட விழவில்லை. சூளையில் கல் சுமக்கும் வேலைக்குப் போனான். மாத்திரையால் கொஞ்சம் தூக்கம் வரும், நடையில் ஒரு மந்தம் இருக்கும். சூளையில் அவனுக்கு 'தூங்குமூஞ்சி' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒருவேளைகூட மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னதை நான்தான் வீட்டில் எடுத்துச் சொன்னேன். அவன் உயிரோடு நடமாடியது அந்த மாத்திரையால். அது எனக்குத் தெரிந்த அளவுக்கு அம்மாவுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் முதலில் படித்த ஆளுக்கு இந்த முட்டாள்தனம் வருவதுண்டு. தனக்குத் தெரிந்தது வீட்டுக்கே தெரிந்துவிட்டது என்று இருந்துவிடுவது.

நான் சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது அரசாங்கத்திலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா போட்டுக்குறான்?"

"சில நோய்களைக் குணப்படுத்தும்னு விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்காம். நம்ம நோட்டீசுல அந்த நோயெல்லாம் இருக்குன்னு எழுதியிருக்காங்க. பட்டியல் அனுப்பியிருக்காங்க."

"படி."

படித்தேன். குருடு, செவிடு, புற்றுநோய், சர்க்கரை வியாதி, வலிப்பு, வெண்குஷ்டம், பக்கவாதம், ஆளை உயரமாக வளர்ப்பது. ஒரு வரியை விட்டுவிட்டுத் தாண்டினேன்.

"இன்னாத்த வுட்டுட்ட?"

"அது நம்ம மருந்துக்குச் சம்பந்தமில்லாதது சார்."

"நம்ம மருந்துக்குச் சம்பந்தமில்லாதது இன்னா இருக்குது? படி."

பெண்களின் மார்பின் அமைப்பும் வனப்பும் என்று, பஞ்சாயத்து ஆபீசில் தண்ணீர் வரி ரசீது படிக்கும் குரலில் படித்தேன். தொட்டியடியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றுவிட்டது.

"அதுக்குக்கூடவா சட்டம்?" என்றாள் அவர்களில் மூத்தவள். "டீச்சரு, அத கொஞ்சம் திருப்பிப் படி. காதுல சரியா வுழல."

அவர்கள் என்னை 'டீச்சரு' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாதி கேலி.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "இதெல்லாம் எடுத்துட்டா மிச்சம் இன்னா நிக்கும்? சளி, இருமல். சளிக்கு எவன் மூணு பாட்டில் வாங்குவான்? பேஜாரா பூட்டுதே" என்றார். மெட்ராசிலிருந்து சட்டப் புத்தகத்தை வாங்கிவரச் செய்து என் மேஜைமேல் போட்டார். "உன்ன இன்னாத்துக்கு வெச்சிக்கினு இருக்கேன்? எதுனா வழி கண்டுபுடி."

அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். சட்டம் என்றால் பெரிய கோட்டை என்று நினைத்திருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் ஜன்னல் வைத்துக் கட்டியிருந்தார்கள். மருந்தில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்தச் சட்டத்துக்கு அக்கறையில்லை. அதைப் பற்றிக் காகிதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்பதுதான் அதற்குக் கவலை. பாட்டிலை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடிக்கிற சட்டம். காகிதத்தையும் முழுசாகப் பிடிக்கவில்லை. பதிவு பெற்ற வைத்தியர்களுக்கு மட்டும் ரகசியமாகத் தபாலில் அனுப்பும் விளம்பரமானால் எந்த நோயைப் பற்றியும் எழுதலாமாம். மேலே இன்ன வாசகம் இருக்கவேண்டும் என்று விதியிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை நான் தமிழில் எழுதினேன்:

பதிவு பெற்ற வைத்தியர்கள், மருத்துவமனைகள், பரிசோதனைக் கூடங்கள் இவற்றின் உபயோகத்துக்கு மட்டும்.

முதலாளி அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தன் வாழ்நாளில் முதல்முறையாக எனக்குச் சம்பளம் உயர்த்தினார். நோட்டீசின் உச்சியில் கட்டம் போட்டு அந்த வரியை அச்சடித்தோம். கீழே பழைய நோய்கள் எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தன. அதைத் தபாலில் எந்த வைத்தியருக்கும் அனுப்பவில்லை. முன்போலவே பஸ் நிற்கும் இடத்திலும் சந்தையிலும் பழவேற்காட்டில் மீன் ஏலம் போடும் இடத்திலும் கொடுத்தார்கள். வலைக்காரர்களும் கூடைக்காரிகளும் ஒரே நாளில் பதிவு பெற்ற வைத்தியர்கள் ஆனார்கள்.

முதல் தாள் அச்சாகி வந்த அன்று, மை காயாமல் வீட்டுக்குக் கொண்டு போனேன். என் வாசகம் அச்சில் வந்திருந்தது. எங்கள் வம்சத்தில் யாருடைய வார்த்தை அச்சேறியிருக்கிறது? அம்மாவையும் அண்ணனையும் உட்காரவைத்து முழுசாகப் படித்துக் காட்டினேன்.

"மேல கட்டத்துல இருக்கறது நீ எழுதனதா?" என்றாள் அம்மா.

"நான் எழுதினதுதான்."

"டாக்டருங்களுக்கு மட்டுமா? அப்ப நம்மளுக்குத் தர மாட்டாங்களா?"

"தருவாங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "எல்லாருக்கும் தராங்க" என்று சிரித்தேன்.

அந்த வரியால் விற்பனை குறையும் என்று கணக்குப்பிள்ளை பயந்தார். நடந்தது வேறு. எங்கள் ஜனங்களின் புத்தி எப்படிப் போகும் என்று சட்டம் எழுதியவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. டாக்டர்கள் தங்களுக்கென்று ஒளித்துவைத்திருக்கும் மருந்து இது, யாரோ புண்ணியவான் அதை வெளியே விடுகிறான் என்று நினைத்தார்கள். ரேஷனில் கிடைக்கும் சாமானை மதிக்காதவர்கள், பின் வாசல் வழியாக வரும் சாமானைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எச்சரிக்கைக்கென்று அரசாங்கம் கொடுத்த வாசகமே எங்கள் ஊரில் சிபாரிசுக் கடிதமாகிவிட்டது. மாதக் கடைசியில் கொட்டகைக்கு இன்னும் இரண்டு தொட்டி கட்டினார்கள்.

அண்ணன் சூளையில் விழுந்துவிட்டான் என்று ஆள் வந்து சொன்னபோது நான் கம்பெனியில் இருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால், சுடாத பச்சைச் செங்கல் அடுக்கின் மேல் விழுந்து நெற்றி பிளந்து கிடந்தான். கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்து நாலு பேர் அவனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். ஒரு வலிப்பு அடங்கி மூச்சு வாங்குவதற்குள் அடுத்தது வந்தது. செங்கல் லாரியில் போட்டு மெட்ராசுக்குக் கொண்டு போனோம். வழி முழுக்க வெட்டிக்கொண்டே வந்தான். அம்மா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நேத்துகூட நல்லா சிரிச்சிக்கினு இருந்தானே" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊசி போட்டு அடக்க ராத்திரியாகிவிட்டது. டாக்டர் இளவயசுக்காரர். "மாத்திரைய யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். நிறுத்தவில்லை என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா இடுப்புச் செருகலிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "அதவிட நல்ல மருந்து குடுத்தேன் சார். டாக்டருங்க மருந்து. இருபது நாளா."

அவர் பிரித்துப் படித்தார். கட்டத்துக்குள் இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார். பிறகு, "நீங்க பதிவு பெற்ற வைத்தியரா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"இல்ல சார். கூலி வேல."

அவரும் நர்சும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றும் மன்னிக்கவில்லை. கட்டிலில் ஒருவன் கிழிந்த துணி மாதிரிக் கிடக்கிறான், அவனைப் பெற்றவள் கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்கிறாள், அதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்த வரியை எழுதியது நான்தான் என்று அங்கே சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நிற்கத் தெரியாதவள் போல நின்றேன்.

பத்து நாளில் வீட்டுக்கு வந்தோம். நெற்றியில் தையல், பேச்சில் கொஞ்சம் குழறல். வந்த அன்றே அம்மா சிங்க மருந்தை ஊற்றினாள். நான் தடுத்தேன். அது வெல்லத் தண்ணீர், அதில் சாயப்பொடி இருக்கிறது, நோட்டீசில் இருப்பது அத்தனையும் பொய் என்றேன்.

"நீதான எழுதன?" என்றாள்.

"நான் எழுதின பொய்."

"நீ இன்னாத்துக்கு பொய் எழுதப் போற? உன்ன அதுக்கா படிக்க வெச்சேன்? ஆஸ்பத்திரியில அவனுங்க உன்ன பயமுறுத்தி வெச்சிருக்கானுங்க. அந்த மாத்திரதான் இவன் மூளைய காயவெச்சிது. அத நிறுத்தி சூடு எறங்கறதுக்குள்ள வந்துட்ட வலிப்பு இது. அன்னைக்கு இவன் புளிக்கொழம்பு வேற தின்னுட்டான்."

பத்தியம் தவறிய கதையை நான் நூற்றுக்கணக்கான கார்டுகளில் எழுதியிருக்கிறேன். அது திரும்பி வந்து என் வீட்டு அடுப்படியில் நின்றது. அண்ணனும் அவள் பக்கம்தான். மாத்திரை தின்றால் தூங்குமூஞ்சி. சிங்க மருந்து குடித்தால் ஸ்பிரிட் ஏறி உற்சாகமாக இருக்கும். சூளைக்காரர்களோடு சமமாக நின்று சிரித்தானாம். அந்த இருபது நாளைப் போல அவன் வாழ்நாளில் கண்டதில்லையாம்.

நான் வேறு வழி பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு ஆறு மாதத்துக்குச் செல்லும். சீட்டைக் காட்டி நானே மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். காலையில் கம்பெனிக்குக் கிளம்பும் முன்னும் மாலையில் திரும்பிய பின்னும் கஞ்சி கரைப்பது என் வேலை என்று ஏற்றுக்கொண்டேன். மாத்திரையைப் பொடித்து அவன் கஞ்சியில் கலந்தேன். "கஞ்சி கசக்குது" என்றான் இரண்டு நாள். அரிசி சரியில்லை என்றேன். ஆறு மாதம் முடிந்தால் நோயாளி நேரில் வந்தால்தான் புதுச் சீட்டு. அதற்குள் அவனை மெட்ராசுக்கு வரச் சம்மதிக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி லாரிதான், இந்தத் தடவை அவன் திரும்ப மாட்டான் என்று டாக்டர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

நான் செய்ததன் பலன், அண்ணன் தேறினான், பெருமை சிங்க மருந்துக்குப் போனது. ஒரு மாதம், இரண்டு மாதம், விழவேயில்லை. அம்மா தெருத் தெருவாகச் சொன்னாள். என்னைப் பார்த்து, "நீ அன்னைக்கு இன்னா பேச்சு பேசன" என்று சிரித்தாள். உண்மையைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அடுத்த வேளை முதல் என் கையால் கஞ்சி வாங்க மாட்டார்கள் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பேச்சு கடைத்தெரு வழியாக முதலாளியிடம் வந்து சேர்ந்தது.

"உங்க அண்ணனாமே. சொல்லவே இல்ல. ஒரு போட்டோ புடிச்சி நோட்டீசுல போட்டுடலாம். மின்ன ஒண்ணு, பின்ன ஒண்ணு."

"டாக்டருங்களுக்கு மட்டும்னு போட்ட நோட்டீசுல எங்கண்ணன் படம் எதுக்கு சார்?"

"ஏம்மா, டாக்டருங்களுக்குக் கண்ணு இல்லியா? உங்க அம்மாகிட்ட பேசிட்டேன். உனுக்கு மட்டும் இன்னா நோவு?"

வீட்டுக்குப் போனால் அம்மா அண்ணனின் ஒரே சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். அதே வாரம் ஆர்.கே.பேட்டையிலிருந்து ஒரு கார்டு வந்தது. யாரிடமோ சொல்லி எழுதவைத்திருந்த ஒரு பெண்: தாங்கள் எழுதியபடி என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டேன், பத்தியம் தவறவில்லை, ஆனாலும் நேற்று இரண்டு தடவை வலிப்பு வந்தது. பதில் எழுது என்று கணக்குப்பிள்ளை என் பக்கம் தள்ளினார். உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று எழுதி நானே தபாலில் போட்டேன். அன்று சாயங்காலம் நோட்டீசின் மூலப்பிரதியை, என் கையெழுத்தில் இருந்ததை, ஃபைலிலிருந்து உருவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுபடி அந்தக் கொட்டகைக்குள் நான் நுழையவில்லை.

விளம்பரங்களைக் கவனிக்கும் இன்ஸ்பெக்டரின் ஆபீஸ் மெட்ராசில் ஒரு மாடியில் இருந்தது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அவனோட உனக்கு என்ன தகராறு? சம்பளம் தரலையா?" என்றார். தகராறு இல்லை என்றேன். அதை அவரால் நம்ப முடியவில்லை. "வேற ஏதாவது தப்பா நடந்துக்கிட்டானா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஒருத்தி சட்டத்தை மதித்து வந்திருக்கலாம் என்பது மட்டும் சட்டத்தால் சாப்பிடுகிற அந்த மனுஷனுக்குத் தோன்றவேயில்லை. மருந்தைப் பரிசோதனைக்கு எடுக்கக் கூடாதா, அதில் சாயப்பொடி இருக்கிறது என்றேன். அது வேறு சட்டம், வேறு ஆபீஸ், நாட்டு மருந்து என்றால் அதிலும் ஆயிரம் சிக்கல் என்றார். அவருடைய வேலை காகிதம்.

"வைத்தியர் இல்லாத ஒருத்தர் கைக்கு இந்த நோட்டீஸ் போச்சுன்னு நிரூபிக்கணும்."

"எங்கம்மா கைக்குப் போச்சு."

"அவங்க வைத்தியர் இல்லையே?" என்று கேட்டு, பதிலுக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

கேஸ் இரண்டு வாய்தா போய் விசாரணைக்கு வந்தபோது ஆஸ்பத்திரிச் சீட்டில் மூன்று வாரம்தான் மிச்சம் இருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் சம்மன். முதலாளிமேல் நான் கேஸ் கொடுத்தேன் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். ரயிலில் வேறு பெஞ்சில் உட்கார்ந்து வந்தாள்.

கூண்டில் ஏறி அவள் நல்ல சாட்சி சொன்னாள். நோட்டீஸ் பஸ் நிற்கிற இடத்தில் கொடுத்தார்கள், வாங்கினேன், மருந்தும் வாங்கினேன், என் பிள்ளை பிழைத்தான். "அந்த மவராசன் நல்லா இருக்கணும்" என்று முதலாளி இருந்த பக்கம் கும்பிட்டாள். அவருடைய வக்கீல் எழுந்து, கேட்க ஒன்றுமில்லை என்று மேஜையைத் தட்டி உட்கார்ந்தார். நானும் அம்மாவைப் போலவே ஒன்றும் கேட்கப்படாமல் போய்விடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இது என் கையெழுத்துதான் என்று சொல்லி இறங்கிவிட்டால் சர்க்கார் தரப்பின் வேலை முடிந்தது.

என் முறை வந்தது. கையெழுத்து என்னுடையது என்றேன். வக்கீல் எழுந்தார்.

"அம்மா சொல்றதக் கேட்டியாம்மா? அந்த மருந்துல உன் அண்ணன் குணமாயிட்டாரு. அப்புறம் எதுக்கு இந்தக் கேஸ்?"

"மருந்துல குணமாகல. ஆஸ்பத்திரி மாத்திரைய தினம் ரெண்டு வேளை பொடிச்சு அவன் கஞ்சில கலந்தேன். அஞ்சு மாசமா."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப பெத்த தாயையே அஞ்சு மாசமா ஏமாத்தியிருக்க."

"ஆமாம்."

"இந்த நோட்டீசும் நீ எழுதினது. அதுல இருக்கறதும் பொய்னு தெரிஞ்சேதான் எழுதின."

"தெரிஞ்சேதான் எழுதினேன்."

"ஆக, நீ ஒரு பொய்க்காரி."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க்குக்காக என் பேர் போர்டில் எழுதப்பட்ட நாள்களில் நிமிர்ந்திருந்த தலை அந்தக் கூண்டில் நிமிரவில்லை. "ஆமாம் சார், பொய்க்காரி" என்றேன். அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் குற்றம் என்பதால் அபராதம் மட்டும். முதலாளி அதைக் கட்டிவிட்டு, கோர்ட்டு எதிரே நின்ற கடையில் எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். அடுத்த மாதம் சிங்கம் போய் யானை வந்தது. அதே தொட்டி, அதே சாயம், நோட்டீசில் நோய்க்குப் பேர் இல்லை, 'நீங்கள் அறிந்த எல்லாக் கோளாறுகளும்' என்று இருந்ததாம். அந்த வரியை எழுத என்னைவிடக் குறைவாகப் படித்த ஒருவன் போதுமாக இருந்திருக்கிறான். இன்ஸ்பெக்டர் தன் பதிவேட்டில் ஒரு தண்டனை என்று குறித்துக்கொண்டார். சட்டம் வேலை செய்துவிட்டது என்பது இதற்குப் பேர்.

திரும்பும் ரயிலில் அம்மா என் எதிர் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். பொன்னேரி தாண்டியதும் கேட்டாள்.

"அங்க சொன்னது நெசமா?"

"நெசம்."

"தன்ன பொய்க்காரின்னு நாலு பேர் முன்னால எவளும் பொய்யா ஒத்துக்க மாட்டா" என்றாள். அதை எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், மாத்திரைப் பொட்டலத்தைக் கேட்டாள். கொடுத்தேன். எத்தனை வேளை என்றாள். இரண்டு என்றேன். முந்தானையில் முடிந்துகொண்டு, இருட்டுவதற்குள் நடந்து போனாள். சர்க்கார் சுகாதார நிலையத்துக் கம்பவுண்டர் வீட்டைத் தேடிப் போயிருக்கிறாள். அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்து, மாத்திரையை விளக்கில் பார்த்துவிட்டு, இது வலிப்புக்குத்தான், இரண்டு வேளைதான், நிறுத்தக் கூடாது என்று சொல்லும்வரை வாசலிலேயே நின்றிருக்கிறாள்.

திரும்பி வந்து அண்ணன் கையில் ஒரு மாத்திரையை வைத்து, தண்ணீரைக் கொடுத்து, அவன் விழுங்கும்வரை பார்த்தாள். அவன் முகத்தைச் சுளித்தான். "தூங்கனா தூங்கு. உயிரோட தூங்கு" என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு வேளதான்னு அவரும் சொன்னாரு" என்றாள்.

சரி என்றேன். மூன்று வாரம் கழித்து அண்ணன் ரயிலேறி மெட்ராசுக்கு வந்தான். புதுச் சீட்டு எழுதும்போது டாக்டர் என்ன எழுதுகிறார் என்று அம்மா என்னைக் கேட்கவில்லை. அவரையே கேட்டாள். இரண்டு தடவை.